காற்றடித்த மறுநாள்

லாமூரி
நவம்பர் 20

தங்கச்சி பிக்ரியாவுக்கு அண்ணன் ஜோகியா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், பசு சௌக்கியம், பன்றி தேவைக்கு மேலே சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளை வர்லாமும் எப்படி? மாப்பிள்ளைக்குப் பல்வலி என்று எழுதியிருந்தாய். பல்லைப் பிடுங்கினானா, இல்லை இன்னும் சாராயத்தைக் கொப்புளித்து விழுங்கிவிட்டு அதை மருந்து என்கிறானா?

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஜனவரி பதினெட்டு சாயங்காலம் லிபானாலி. செத்தவர்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்கு விருந்துக்கு வருவார்கள். அப்பா போன வசந்தத்தில் போனார், இது அவருக்கு முதல் வருகை. முதல் தடவை வருகிறவரைப் பசியோடு திருப்பி அனுப்பினால் அங்கே மற்ற ஆவிகள் வருஷம் முழுக்கக் கேலி பண்ணுமாம். அப்பாவுக்குக் கேலி ஆகாது. அவர் தொப்பியைப் பன்றி தின்ற கதையைச் சொல்லிச் சிரித்ததற்காக ஒரு கோடை முழுக்க சாலமன் மாமாவோடு பேசாமல் இருந்தவர். அது நல்ல தொப்பி, பாவம். பன்றிக்குத்தான் இரண்டு நாள் வயிற்றுவலி.

எங்கே விட்டேன்? ரொட்டி. ஆவிகளுக்கான ரொட்டியை அந்தந்த வீட்டுப் பெண்ணின் கைதான் பிசைய வேண்டும். இந்த வீட்டில் பெண் என்று மிச்சம் இருப்பது நீ ஒருத்தி, அப்புறம் பசு. ஆகவே பெரிய பனி விழுவதற்கு முன்னால் மலையைத் தாண்டி வந்துவிடு.

இந்தக் கடிதத்தைத் தபாலம்மா மரேகி கொண்டுவருவாள். உன் பக்கத்து வீட்டுக்காரி, குறை சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன். மலையிறங்கி வந்தால் முதல் வீடு நம்முடையது என்று அப்பா காலத்திலிருந்து இங்கே இளைப்பாறுகிறாள், அது சரி. நேற்று வந்தவள் நேரே அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"அது அப்பா நாற்காலி" என்றேன்.

"கேட்டுட்டுத்தான் உக்காந்தேன்."

"யாரைக் கேட்டீங்க?"

"உம்ம அப்பாவைத்தான். கல்லறைப் பக்கமாத்தானே வர்றேன். ஒண்ணும் மறுத்துப் பேசலையே மனுஷன்."

இப்படிப்பட்டவளிடம் என்ன பேசுவது? உடம்பைப் பார்த்துக்கொள். பசு உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்லி வாலை ஆட்டுகிறது.

உன் அண்ணன்,
ஜோகியா


செலாரி
டிசம்பர் 6

அண்ணாவுக்குப் பிக்ரியாவின் வணக்கம். நாங்கள் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை பல்லைப் பிடுங்கிவிட்டார். மருந்தை மட்டும் நிறுத்தவில்லை.

வருகிறேன், வராமல் இருப்பேனா? ஆனால் எங்கள் சிவப்புப் பசு நிறைமாதம். போன கன்று தலைகீழாக வந்து என்ன பாடு பட்டோம் என்று உனக்கே தெரியும். கன்று விழுந்த மறுநாள் நானும் அவரும் புறப்பட்டுவிடுவோம். அப்பாவுக்கு என் கையால் ரொட்டி உண்டு, கவலைப்படாதே.

மரேகி அக்காவைப் பற்றி ஒன்று. போன குளிர்காலம் அவளைப் "பயந்தாங்கொள்ளித் தபால்" என்று நீங்கள் லாமூரி ஆண்கள் கூப்பிட்டது எங்கள் ஊர்வரை வந்தது. நீயும் கூப்பிட்டாயாம். அவள் புருஷன் எப்படிப் போனான் என்று தெரியும் அல்லவா? மூன்று நாள் பனி, காற்று. நான்காம் நாள் வானம் கண்ணாடி மாதிரி. "இவ்வளவு நல்ல நாளில் என்ன ஆகப் போகிறது" என்று பாடிக்கொண்டே போனான், பனி சரிந்து மூடிவிட்டது. அவள் பயப்படவில்லை அண்ணா, பார்க்கிறாள். அவ்வளவுதான்.

அது இருக்கட்டும். ஒரு பக்கக் கடிதத்தில் பாதி அவளைப் பற்றி எழுதியிருக்கிறாயே, ஏன்? வேளைக்குச் சாப்பிடு.

பிக்ரியா


லாமூரி
டிசம்பர் 29

தங்கச்சிக்கு ஆசிகள். முழங்கால் மழைக்கு ஒரு மாதிரி, பனிக்கு ஒரு மாதிரி வலிக்கிறது, இப்போது பனிவலி. உங்கள் இருவருக்கும் சளி கிளி இல்லையே?

பாதிக் கடிதம் ஒன்றும் இல்லை, நான்கு வரி. பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

இந்தத் தடவையும் அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவள் இங்கேயே இருக்கிறாள். ராத்திரி தூங்க ஸியூரி பெரியம்மா வீட்டுக்குப் போவாள், மற்ற நேரமெல்லாம் இங்கே. பனி விழுந்தது, மேற்கிலிருந்து காற்று அடித்தது, அவள் கிளம்பவில்லை. நேற்று வெயில். கிளம்பவில்லை. என் பாலாடைக்கட்டி பாதி தீர்ந்துவிட்டது. பகடையில் என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கிறாள்.

ஸியூரி பெரியம்மா மகன் முஷ்னி வந்து சிரித்தான். "என்ன தபாலம்மா, வானத்துல ஒரு பஞ்சு கூட இல்ல. இன்னும் என்ன பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

"வானத்துல நடந்து போறதா இருந்தா இப்பவே கிளம்பிருவேன் தம்பி. நான் தரையில போறவ."

பிறகு எங்கள் இரண்டு பேரையும் காட்டின் மேல்விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தொட்டில் சரிவு உனக்குத் தெரியும், கணவாய்க்குக் கீழே குழிந்து கிடக்குமே, அதன் ஓரம். மேற்குக் காற்று அந்தப் பக்கத்துப் பனியை எல்லாம் வாரி முகட்டைத் தாண்டி இந்தத் தொட்டிலில்தான் கொட்டும். பார்த்தால் வழவழவென்று, மாவு பூசிய சுவர் போல. மேலே கால் வைத்தால் புதைவதே இல்லை. "கல்லு மாதிரி இருக்கே!" என்றான் முஷ்னி. அவள் கையிலிருந்த கோலை ஓங்கிக் குத்தினாள். மேலே ஒரு சாண் பலகை மாதிரி. அதற்குக் கீழே கோல் சர்ரென்று பிடிவரை போய்விட்டது.

"மேல பலகை, கீழ தினை. தினை மூட்டை மேல பலகையப் போட்டு, அதைச் சாய்ச்சு வச்சு, அது மேல ஏறி நின்னா என்ன ஆகும் தம்பி?"

 முஷ்னிக்குத் தினைக் கஞ்சியைத் தவிர வேறு தெரியாது.

நாளைக்கோ மறுநாளோ போவாளாம். சீக்கிரம் போனால் நல்லது, பாலாடைக்கட்டி மிஞ்சும். கன்று விழுந்ததும் எழுது.

ஜோகியா


செலாரி
ஜனவரி 11

அண்ணா, வணக்கம். கன்று பிறந்துவிட்டது! தலை நேராக வந்தது, கிடேரி, நெற்றியில் வெள்ளை. தாயும் சேயும் நலம். முழங்காலுக்குக் கரடிக் கொழுப்பு தடவு.

பதினாறாம் தேதி கிளம்புகிறோம். வழி எப்படி என்று மரேகி அக்காதான் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தோடு அவள் அங்கே வருகிறாள். சரியாக இருந்தால் பதினைந்தாம் தேதி இங்கே திரும்பி வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போவாள். அவள் திரும்பி வராவிட்டால் கிளம்பக் கூடாது என்று கட்டளை. மாப்பிள்ளை முறைத்தார், ஆனால் தலையாட்டினார்.

மாவைச் சலித்து வை. உப்பு நல்லதாக வை. போன தடவை உப்பில் பாதி மண்.

ஒரு விஷயம். "ஜோகியா தோத்தா காது சிவக்குது தெரியுமா?" என்று அக்கா என்னிடம் சொன்னாள். அண்ணன் காது சிவப்பது எனக்குத் தெரியாதா? அவளுக்கு ஏன் தெரிந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பிக்ரியா


லாமூரி
ஜனவரி 16

தங்கச்சி, நலமா? கிளம்பிவிடவில்லையே? கிளம்பியிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

இதை விடப் பைத்தியக்காரக் கடிதம் உலகத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். "வராதே" என்று எழுதுகிறேன். இதை உன்னிடம் கொண்டுவர வேண்டியவள் எதிரே உட்கார்ந்து என் வால்நட்டை உடைத்துத் தின்றுகொண்டு, "இது போகாது" என்கிறாள். பன்னிரண்டாம் தேதி பிடித்த பனி. அப்புறம் காற்று. மேற்குக் காற்று, கூரையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. இன்று மத்தியானம்தான் நின்றது.

நாளை மறுநாள் சாயங்காலம் அப்பா வருகிறார். ரொட்டி பிசைய வீட்டுக் கை இல்லை. நான் ஒரு தடவை பிசைந்து பார்த்தேன். பன்றி மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அப்பாவின் தொப்பியைத் தின்ற பன்றி, பிக்ரியா! அதுவே வேண்டாம் என்றுவிட்டது.

ஆகவே நாளைக் காலை நானே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். சொன்னேன். வீட்டில் சண்டை.

"ஏன்யா, உம்ம அப்பா உசிரோட இருந்தப்போ காத்தடிச்ச மறுநாள் தொட்டில்ல கால வச்சிருக்காரா?"

"வச்சதில்ல."

"இப்ப செத்ததும் புத்தி கெட்டுப் போச்சா அவருக்கு? அவரும் கணவாயில உக்காந்து பனி படியட்டும்னுதான் காத்திருப்பாரு. நீரு எதுக்கு முந்திக்கிட்டுப் போறீரு? அவரை எதிர்கொண்டு அழைக்கவா, இல்ல கூடவே போயிடவா?"

"ஆவிக்குப் பனி ஏதுங்க!"

"அப்ப எதுக்குக் காலையிலருந்து அவர் வர்றதுக்குன்னு வாசல்ல பனி தள்ளிக்கிட்டு இருந்தீரு?"

 பனி தள்ளும் பலகையைக் கதவுக்குப் பின்னால் ஒளித்தேன். ஆனால் வெளியே பார்த்தால் நட்சத்திரம் அவ்வளவு தெளிவு. தரை கெட்டி. போய் வந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. அப்பா பசியோடு போகக் கூடாது.

இதை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன். உடம்பு பத்திரம்.

ஜோகியா


செலாரி
ஜனவரி 17

அண்ணா, நீ நலமா? வேறு எதுவும் கேட்கவில்லை. நலமா?

காலையில் மாடு கறந்துகொண்டிருந்தேன். முகட்டுக்கு அந்தப் பக்கம் 'தொம்' என்றது. பால் செம்பு அதிர்ந்தது. வெளியே ஓடி வந்தால் கணவாய்க்கு மேலே வெள்ளைப் புகை எழுந்து நிற்கிறது. தொட்டில்தான்.

நீ எங்களைக் கூப்பிட வருவாய் என்று எனக்குத் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா? அக்கா பதினைந்தாம் தேதி வரவில்லை, ஆகவே கிளம்பக் கூடாது. ஆனாலும் மாப்பிள்ளை கிளம்பினார். பனிச்சறுக்குக் கட்டைகளை வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டேன். கத்தினார். "கத்துங்க" என்றேன்.

இப்போது மறுபடியும் பனி கொட்டுகிறது. இந்தக் கடிதத்தை யார் கொண்டுபோவார்? ஒரு வரி எழுது அண்ணா. ஒரு கோடு போட்டு அனுப்பினாலும் போதும்.

பிக்ரியா


லாமூரி
ஜனவரி 25

அன்புத் தங்கச்சிக்கு. நான் நலம். பசு நலம், பன்றி நலம், மரேகி நலம், எல்லாரும் நலம். நீ அழுதாய் என்று மாப்பிள்ளை சொன்னான். அழாதே. கன்றுக்குட்டிக்கு என்ன பேர் வைத்தாய்?

மாப்பிள்ளை இன்று எலும்பு வழியாக வந்தான். காற்று பனியை வழித்துவிட்டுப் புல் தெரிகிற அந்தப் பாறை வரப்பு, நாம் சின்ன வயதில் எலும்பு என்போமே, அதன் மேலேயே. சுற்று வழி, இரண்டு மடங்கு நேரம் ஆகும், கால் நோகும், ஆனால் பத்திரம். உன் கடிதத்தை அவன் கையில் வாங்கி மூன்று தடவை படித்தேன். நான் மேஜையில் வைத்த கடிதமும் இதுவும் அவனோடு வருகின்றன.

அப்பா வந்தார். ரொட்டி இருந்தது. மெழுகுவர்த்தி ஆடாமல் எரிந்தது. அவர் நாற்காலியைக் காலியாக வைத்து, கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டேன். போய்ச் சேர்ந்த சாலமன் மாமாவுக்கும் ஒரு தட்டு வைத்தேன், அங்கேயாவது பேசிக்கொள்ளட்டும்.

என் சறுக்குக் கட்டையில் ஒன்று காணாமல் போய்விட்டது. வேறு விசேஷம் இல்லை.

மரேகி மாப்பிள்ளையோடு திரும்பவில்லை. தபால் மூட்டையோடு போகிறவளுக்குப் பனி இன்னும் படியவில்லையாம். நானும் போய்ப் பார்த்தேன். ஆமாம், படியவில்லை மாதிரிதான் இருக்கிறது.

ஜோகியா


செலாரி
பிப்ரவரி 3

அண்ணாவுக்கு. நாங்கள் நலம், நீ நலம் என்று தெரிந்ததே பெரிய நலம். கன்றுக்குட்டிக்குப் பேர் வைக்கவில்லை, கோபமாக இருக்கிறேன்.

ரொட்டி இருந்தது என்றால் என்ன அர்த்தம்? வானத்திலிருந்து விழுந்ததா? யார் பிசைந்தது? மாப்பிள்ளையைக் கேட்டால் பல் போன வாயைத் திறந்து இளிக்கிறாரே தவிரச் சொல்லவில்லை. "உன் அண்ணன் வாயாலேயே கேட்டுக்கோ" என்கிறார். சறுக்குக் கட்டை எப்படிக் காணாமல் போகும்? அது என்ன கோழியா?

அப்புறம் இன்னொன்று. அவர் வந்து போன பிறகு எங்கள் ஊரிலிருந்து மூன்று பேர் லாமூரிக்குப் போய் வந்துவிட்டார்கள், தடியூன்றி நடக்கிற கிழவர் ஒருவர் உட்பட. காற்றே இல்லை. பனி அமுங்கி, கெட்டியாகி, நரி நடந்த தடம்கூட அப்படியே இருக்கிறது. தபாலம்மாவுக்கு மட்டும் இன்னும் படியவில்லையா? இங்கே ஊரே கடிதத்துக்குக் காத்திருக்கிறது.

இதைக் கொண்டுவருகிறவர் அந்தக் கிழவர்தான். பதிலோடு வரச் சொல்லியிருக்கிறேன். சாப்பாடு போடு.

பிக்ரியா


லாமூரி
பிப்ரவரி 7

தங்கச்சிக்கு அண்ணனின் ஆசிகள், கன்றுக்குட்டிக்கும். கிழவர் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். பதில் மட்டும் அவரிடம் கொடுத்தனுப்பவில்லை, காரணம் கடைசியில் வரும்.

எல்லாம் எழுதுகிறேன், ஆனால் என் போக்கில்.

அன்று காலை கிளம்பினேன். மரேகி தடுக்கவில்லை. சிவப்புக் கம்பளி நூல் உருண்டை ஒன்றை எடுத்து என் இடுப்பில் ஒரு முனையைக் கட்டினாள். "புதைஞ்சா நூலு மேல மிதக்கும். தோண்டி எடுக்க வசதி" என்றாள். அந்தச் சிவப்பு, நம் அம்மா காலுறை பின்னுவாளே அந்தச் சிவப்பு. சந்தையில் இப்போது அந்தச் சாயம் கிடைப்பதில்லை. சரி, அது வேறு கதை. கூடவே வந்தாள். காட்டு விளிம்பில், பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா தோண்ட ஆள் இருக்காது. நீரு போம். நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். கட்டை வாரைத் தளர்த்திக்கிடும்."

கால் வைத்தேன். கெட்டி. சிரித்தபடி திரும்பிப் பார்த்தேன். இன்னொரு எட்டு. அப்போது காலுக்குக் கீழே 'தொம்' என்று ஒரு மூச்சு விட்டது பனி. கட்டை முனையிலிருந்து ஒரு கோடு கிழிந்துகொண்டு மேலே ஓடியது, துணி கிழிகிற மாதிரி.

"பின்னால விழு!" என்று கத்தினாள். விழுந்தேன். பாறை முதுகில் இடித்தது. எனக்கு முன்னால் தொட்டில் முழுக்கத் துண்டு துண்டாகப் பெயர்ந்து, நின்ற இடத்தை விட்டுக் கிளம்பிப் போனது. தளர்ந்த வாரிலிருந்து ஒரு கட்டையும் கூடப் போனது. நான் போகவில்லை.

 அவள் நூலைச் சுற்றிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நூல் சிக்காகிவிட்டது. வீடு வரும்வரை இரண்டு பேரும் அந்தச் சிக்கை எடுத்துக்கொண்டே வந்தோம்.

மறுநாள் சாயங்காலம். உனக்கு வழியில்லை, மறுபடி பனி. நான் மாவுக்கு முன்னால் சும்மா நிற்கிறேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து மாவை இழுத்தாள். ஸியூரி பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தவள் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, என்ன பண்ற? அவ யாருடா ஜோகியா, இந்த வீட்டு ரொட்டியப் பிசையறதுக்கு? வீட்டுக் கை வேணும்டா. உங்கப்பன் தொடமாட்டான்!"

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது பிக்ரியா. "வீட்டுக் கைதான் பெரியம்மா. இவ இந்த வீட்டுக்காரி" என்றேன். சொன்ன பிறகுதான் அவளைக் கேட்கவில்லை என்று ஞாபகம் வந்தது. காது என்ன நிறம் ஆகியிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

மரேகி நிமிரவில்லை. மாவில் குழி பண்ணிக்கொண்டிருந்தாள். "உப்பு எங்க வச்சிருக்கீரு?" என்றாள்.

"மேல் தட்டுல. நீ எட்டமாட்ட, நான் எடுத்துத் தர்றேன்."

பேச்சு அவ்வளவுதான். ஸியூரி பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லப் போய்விட்டாள்.

பனி விஷயம். நான் அந்தச் சரிவின் கீழேயே பிறந்து மாடு மேய்த்தவன். ஜனவரி முடியும்போதே பனி படிந்துவிட்டது எனக்குத் தெரியாதா? காலையில் எழுந்து அவள் காட்டு விளிம்புவரை போய்க் கோலைக் குத்துவாள். "இன்னும் சரியில்ல" என்பாள். நானும் போய்க் குத்துவேன். "ஆமா, மோசமாத்தான் இருக்கு" என்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்து பகடை.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம். கோபப்படாதே, கன்றுக்குட்டிக்குப் பேர் வை. மீதியை அவள் எழுதட்டும், கிழவரிடம் இதை ஏன் கொடுக்கவில்லை என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஜோகியா


அதே தாளின் பின்பக்கம்

பிக்ரியா, உன் மரேகி அக்கா. நான் நலம். உன் சிவப்புப் பசு நன்றாகக் கறக்கிறதா?

உன் அண்ணன் எழுதியதைப் படித்தேன். தபால்காரி அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாதுதான். இது என் வீட்டுக் கடிதம்.

அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். "மோசமாத்தான் இருக்கு" என்று அவர் சொன்ன முதல் நாளே தெரியும். கோலைக் குத்துகிற ஆள் சரிவைப் பார்க்க வேண்டும், என்னையா பார்ப்பது?

கிழவரிடம் கொடுக்காததற்குக் காரணம், இதை நானே கொண்டுவருவதாக இருந்தேன். நாளைக்கே. ஆனால் இன்று மத்தியானத்திலிருந்து மேற்குக் காற்று. இது நிஜக் காற்று, பிக்ரியா, சத்தியமாக. ஆகவே காற்று நின்று, பனி படிந்து, நான் கோலைக் குத்திப் பார்த்து, அவர் சரிவை மட்டும் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கிளம்புவோம்.

தொட்டிலில் ஒருவர் பின் ஒருவராகத்தான் வருவோம், நடுவில் நிறைய இடம் விட்டு. இதை நீ கையில் வாங்கும்போது அதெல்லாம் முடிந்திருக்கும். உன் வாசலில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம், குளிர்கிறது. அப்புறம் படித்துக்கொள், முதலில் கதவைத் திற.

மரேகி